ஐந்து சத முத்திரையும் ஆலய வாசலும்



1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கை அரசு ஐந்து பெரியார்களின் உருவம் பொறித்த முத்திரைகளை வெளியிட்டது. கவிஞர் ஆனந்த ராஜகருணா, எஸ். மகிந்த தேரர், கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, மொழியறிஞர் குமாரதுங்க முனிதாச ஆகியோர் நால்வர். ஐந்தாமவர் நல்லூர் ஆறுமுக நாவலர். ஒவ்வொரு முத்திரையும் ஐந்து சதம். ஒரு தமிழ்ச் சைவப் பெரியாரின் முகம் அரச முத்திரையில் ஏறியது கண்டு யாழ்ப்பாணம் மகிழ்ந்தது. மகிழ்ந்ததில் நியாயமும் இருந்தது.

ஆனால் அந்த முத்திரையைக் கையில் எடுத்த எல்லோரும் ஒரே விதமாக மகிழ்ந்திருப்பார்களா? நிச்சாமத்தில் ஒரு சீவற்தொழிலாளி பட்டணத்தில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உறையில் ஒட்டுவதற்குத் தபாற் கந்தோரில் கிடைத்தது நாவலர் முத்திரை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அவரது உறவினர்கள் மறிக்கப்பட்டிருக்கிறார்கள். மறித்தவர்கள் காட்டிய காரணம் ஆகம விதி. அந்த ஆகம விதியை அச்சிலும் மேடையிலும் யாழ்ப்பாணத்தில் நிலைநாட்டிய முதன்மையானவர் முத்திரையில் இருப்பவர். முத்திரையின் பின்புறத்தை நனைத்து ஒட்டும்போது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்?

சமூகக் கருத்துகளால் ஒரு பகுதி மக்களைப் புண்படுத்திய சமயப் பெரியாரைச் சட்டம் இயற்றுபவர்கள் அரச மரியாதையால் கௌரவிக்கலாமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். எங்கோ உள்ள ஒருவரைப் பற்றிக் கேட்டால் இதற்கு விடை சொல்வது சுலபம். நம் வீட்டு மண்டபத்துச் சுவரில் படமாகத் தொங்குபவரைப் பற்றிக் கேட்கும்போதுதான் நாக்குத் தடுமாறுகிறது. ஆகவே அவரை வைத்தே பேசுவோம்.

நாவலரின் பெருமையைக் குறைத்துச் சொல்லிவிட்டு இந்த விவாதத்தைத் தொடங்குவது நேர்மையன்று. 1822 டிசெம்பர் 18இல் நல்லூரிற் பிறந்தவர். 1879 டிசெம்பர் 5இல் மறைந்தவர். ஐம்பத்தேழு வயது நிரம்பாத வாழ்வு. வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் உறுதுணையாக இருந்தார். பாதிரிமாரின் கருவிகளான பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சியந்திரம் மூன்றையும் கற்றுக்கொண்டு, அவற்றைச் சைவத்தின் கைகளிற் கொடுத்தார். 1847 டிசெம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கம். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலை. அதன்பின் அச்சுக்கூடம். திருவாவடுதுறை ஆதீனம் வழங்கிய ‘நாவலர்’ என்னும் பட்டம் அவர் பெயராகவே நிலைத்துவிட்டது.

பாலபாடங்களும் சைவ வினாவிடைகளும் பெரியபுராண வசனமும் இல்லாவிட்டால் இன்று நாம் எழுதும் உரைநடை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பதே கடினம். செய்யுளிலேயே சிந்தித்துப் பழகிய ஒரு சமூகத்துக்கு, பிள்ளை வாசித்து விளங்கும் வசனத்தைக் கொடுத்தவர் அவர். 1870களின் பிற்பகுதியிற் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்க்கு ஊற்றியவரும் அவரே. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் அரசன்போல் இருந்த அரசாங்க ஏசண்டர் துவைனத்தின் நிருவாகத்தைத் துணிந்து கண்டித்து எழுதியவரும் அவரே.

சட்டசபையோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1879இல் சேர் முத்துக்குமாரசுவாமி மறைந்தபின் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதியாக யாரை நியமிப்பது என்ற போட்டி எழுந்தது. ஒருபுறம் கிறிஸ்தோபர் பிறிற்றோ. மறுபுறம் இளைஞர் பொன்னம்பலம் இராமநாதன். நாவலர் தமது வாழ்வின் இறுதி ஆண்டில் இராமநாதனுக்காகப் பாடுபட்டார். இராமநாதனே நியமனம் பெற்றார்.

இங்கே ஒரு கணம் நிற்போம். அந்தச் சபையில் இருந்தவர்களை மக்கள் தெரிவு செய்யவில்லை, தேசாதிபதி நியமித்தார். முழுத் தமிழருக்கும் ஓர் ஆசனம். அந்த ஓர் ஆசனம் யாருக்காகப் பேசியது? படித்தவர்க்கும் காணி உடையவர்க்கும் பேசியது. வயலில் நின்றவனுக்கும் பனையில் ஏறியவனுக்கும் அங்கே குரல் இல்லை. அன்று அந்தச் சபை நாவலருக்கு மரியாதை செய்திருந்தால், தம்மவர் தம்மவர்க்குச் செய்த மரியாதை என்று அதனை விட்டுவிடலாம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதனை எதிர்த்தவர்களில் ஒருவர், நாவலர் ஆதரித்த அதே இராமநாதன். அவருடைய எதிர்ப்பையும் மீறி வந்த வாக்குரிமையோடு சட்டசபையின் வாய் மாறியது. அதன்பின் அது பேசுவதெல்லாம் எல்லோர் பெயராலும் பேசுவதாகும். முத்திரை குத்தினாலும் வீதிக்குப் பெயர் வைத்தாலும் அதில் நிச்சாமத்துத் தொழிலாளியின் கையெழுத்தும் சேர்ந்தே இருக்கிறது. அவரைக் கேளாமல் அவர் கையெழுத்தை இடலாமா என்பதே கேள்வி.

இனி நாவலரின் மறுபக்கம். சாதியாசாரத்தைச் சைவ ஒழுக்கத்தின் ஓர் அங்கமாகவே அவர் போதித்தார். தீட்சை, கோயில் வழிபாடு, உணவு ஆகிய எல்லாவற்றிலும் வருணத்துக்கும் சாதிக்கும் ஏற்ற எல்லைகளை வகுத்து எழுதினார். அவர் நிறுவிய பள்ளிகளின் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. இவை அவரது எதிரிகள் கட்டிவிட்ட கதைகள் அல்ல. அவருடைய எழுத்தை வாசிப்பவர் எவரும் காணக்கூடியவை. அதே கையால் அவர் பெரியபுராணத்தை வசனமாக்கினார். அதில் திருநாளைப்போவார் வருகிறார். வண்ணாராகிய திருக்குறிப்புத்தொண்டர் வருகிறார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் வருகிறார். அந்தக் கதைகளின் அருகிலிருந்தும் அவர் தம் ஊர்க் கோயிலின் வாசலை அகலத் திறக்கச் சொல்லவில்லை.

“அவர் தமது காலத்தின் பிள்ளை, இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளக்கலாமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விடையை நாவலரே தருகிறார். கோயில்களில் ஆடு வெட்டிப் பலியிடுவது அவர் காலத்தின் வழக்கம், அவர் எதிர்த்தார். திருவிழாவில் தாசிகளின் சதிர்க்கச்சேரி காலத்தின் வழக்கம், அவர் எதிர்த்தார். தீட்சையில்லாதவர் பூசை செய்வதும் தருமகர்த்தாக்கள் கணக்குக் காட்டாமல் இருப்பதும் காலத்தின் வழக்கம்; அவர் எதிர்த்தார். 1872இல் எழுதிய ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ என்னும் பிரசுரம் முழுவதும் காலத்தோடு அவர் தொடுத்த யுத்தமே. நினைத்த இடத்திலெல்லாம் காலத்தை மீற வல்லவராக இருந்தார் என்றால், மீறாமல் விட்ட இடத்துக்குக் காலத்தை மட்டும் பொறுப்பாக்க இயலாது.

மேலும், அவர் காலத்துப் பிள்ளை இன்னொருவரும் இருந்தார். நாவலருக்கு ஓராண்டு இளையவர், 1823இல் மருதூரிற் பிறந்தவர், இராமலிங்க சுவாமிகள். அருட்பா, மருட்பா என்று தமிழுலகமே இரண்டுபட்ட அந்தப் பெருஞ்சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையிற் சென்றதை இலக்கிய வாசகர்கள் அறிவீர்கள். ஒருவர் வருணாசிரமத்தைக் காத்தார். மற்றவர் சாதியையும் குலத்தையும் பிள்ளை விளையாட்டென்று தள்ளினார். அன்று நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றவர்கள் இன்று இரண்டு அரசுகளின் கௌரவத்தைப் பெற்றிருக்கிறார்கள். இலங்கை நாவலருக்கு முத்திரை வெளியிட்டது. வள்ளலார் பிறந்த ஒக்டோபர் 5ஆம் நாளைத் ‘தனிப்பெருங்கருணை நாள்’ என்று 2021இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. இரண்டு கௌரவமும் ஒன்றா? வள்ளலார் நாளில் எந்தக் குடிமகனும் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டியதில்லை. நாவலர் முத்திரையில் ஒரு பகுதி மக்கள் சற்றே விலகி நின்றுதான் பார்க்கவேண்டியிருக்கிறது. வேறுபாடு அங்கேதான்.

அந்த விலகி நின்றவர்களின் கதைக்கு வருவோம். சாதியின் பெயரால் எவரையும் கடையிலோ பாடசாலையிலோ ஆலயத்திலோ தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் கூறியது. குடாநாட்டின் பெருங்கோயில்கள் சில அந்தப் பத்தாண்டிலேயே கதவைத் திறந்தன. பல திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடியைத் தாங்கி நகர்ந்தது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் தோன்றியது. தேநீர்க் கடையில் எல்லோரும் குடிக்கும் குவளையில் ஒரு வாய் தேநீர் குடிப்பதற்காகச் சங்கானையில் உயிர்கள் போயின.

1968ஆம் ஆண்டுத் திருவிழாக் காலத்தில் மாவிட்டபுரம் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் அமைதியாக வந்து நின்றார்கள். உள்ளே விடமாட்டோம் என்று குறுக்கே நின்றவர்களுக்கு முன்னணியில் யார் இருந்தார்? ஒக்ஸ்போர்டிற் பயின்ற கணிதப் பேராசிரியர். சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் அங்கம் வகித்தவர். வவுனியாவின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் செல்லப்பா சுந்தரலிங்கம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. சட்டம் இயற்றும் சபையில் இருந்த ஒருவர், அந்தச் சபை இயற்றிய சட்டத்துக்கு எதிராக, ஆகமத்தின் பெயரால் வாசலை மறித்து நின்ற காட்சி அது.

மறு ஆண்டு, 1969இல், நாவலரின் சிலை கொழும்பிலிருந்து ஊர் ஊராக ஊர்வலம் வந்து நல்லூரை அடைந்தது. வழியெங்கும் பூரண கும்பம், மாநாடு, மலர். அதனை ஏற்பாடு செய்தவர்கள் தமிழருக்கும் சைவத்துக்கும் ஒரு பொது அடையாளத்தைத் தேடியவர்கள். அவர்களின் நோக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் மாவிட்டபுரத்து வாசலில் நின்று திரும்பியவனுக்கு, ஓராண்டு கழியுமுன் வந்த அந்த ஊர்வலம் என்ன செய்தியைச் சொல்லியிருக்கும்? ஒரு மரியாதையின் பொருளை அதைச் செய்கிறவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பார்த்து நிற்பவனும் தீர்மானிக்கிறான்.

1970இல் வந்த பாராளுமன்றத்தையும் கவனியுங்கள். சிறுபான்மைத் தமிழர் மகாசபையைச் சேர்ந்த எம்.சி. சுப்பிரமணியம் அந்த ஆண்டு நியமன உறுப்பினராகச் சபைக்குள் அமர்ந்தார். 1971இல் சமூகக் குறைபாடுகள் சட்டம் திருத்தப்பட்டது. அதே 1971இல் நாவலர் முத்திரையும் வந்தது. ஓர் அரசு ஒரே ஆண்டில் இரண்டு தாள்களை அச்சிட்டது. ஒரு தாள், வாசலை மறிப்பது குற்றம் என்றது. மற்றத் தாள், மறிப்பதற்கு நூலாதாரம் தந்தவரைப் பெரியார் என்றது.

இது முரண்பாடா? முரண்பாடுதான். ஆனால் நமது இலக்கியகாரர்களும் இதே முரண்பாட்டோடுதான் மல்லுக்கட்டினார்கள். பேராசிரியர் கைலாசபதி மார்க்சியர், சாதியத்தின் பகைவர். அவரே 1979இல் நாவலர் நூற்றாண்டு மலரின் பதிப்பாசிரியராக இருந்தார். அந்நிய ஆட்சிக்கும் மதமாற்றத்துக்கும் எதிராகச் சுதேசியத்தை எழுப்பியவர் என்ற வகையில் நாவலரை முற்போக்காளர் பலரும் மதித்தார்கள். அதே அணியில் வளர்ந்த கே. டானியல், வெகுசன இயக்கத்தின் களத்தில் நின்று, 1972இல் ‘பஞ்சமர்’ நாவலைத் தந்தார். நாவலர் கட்டிக்காத்த சமூகத்தின் அடுக்களைப் பக்கத்தையும் கோடிப்புறத்தையும் அந்த நாவல் காட்டியது. நாவலர் வளர்த்த உரைநடை, நாவலர் பேசாத மனிதரைப் பேசியது. கைலாசபதியின் மலரும் டானியலின் நாவலும் ஒரே புத்தகத் தட்டில் இருக்கவேண்டியவை. ஒன்றை வைத்து மற்றதை மறைப்பவர் வரலாற்றுக்குத் துரோகம் செய்கிறார்.

நமக்கு வெளியே உள்ள ஒருவரையும் இங்கே நினைப்போம். அநகாரிக தர்மபால பிரித்தானிய ஆட்சியை எதிர்த்துச் சிங்கள பௌத்தரை எழுப்பினார். கொழும்பின் பெருவீதி ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 1964இல் நூற்றாண்டு முத்திரை வந்தது. 2014இல் இந்தியாவும் முத்திரை வெளியிட்டது. ஆனால் முஸ்லிம்களையும் பிற இனத்தவரையும் பற்றி அவர் எழுதிய கடுஞ்சொற்களை எண்ணி நாம் முகம் சுளிக்கிறோம். “எங்களை அந்நியராகக் கண்டவரை எங்கள் பெயராலும் கௌரவிப்பதா?” என்று கேட்கிறோம். கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையின் மறுபக்கம் ஒரு கடமை. அதே கேள்வியை நாவலர் வீதியில் நின்று ஒருவன் நம்மிடம் கேட்டால், “காலம் அப்படி” என்று நாம் வாயடைக்கக் கூடாது. தனக்கு ஒரு படி, பிறர்க்கு ஒரு படி என்று அளப்பது வியாபாரத்திலும் பாவம்.

கானா நாட்டுப் பல்கலைக்கழகத்தில் 2016இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி சிலை 2018இல் அகற்றப்பட்டது. தென்னாபிரிக்காவில் இருந்த இளம் காந்தி கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய வாசகங்களை அங்குள்ள பேராசிரியர்கள் எடுத்துக்காட்டினார்கள். காந்தி பின்னாளில் வளர்ந்தார், மாறினார் என்பது உண்மை. ஆயினும் சிலையை நிறுவியவர்கள் அங்குள்ள மக்களிடம் முன்கூட்டிப் பேசியிருந்தால், சிலை நிற்பதா விழுவதா என்ற சண்டைக்கு முன்னர் ஒரு நல்ல உரையாடலாவது நடந்திருக்கும்.

அப்படியானால் நாவலர் சிலையை அகற்றவேண்டுமா? முத்திரை வெளியிட்டது தவறா? நான் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் இயற்றுபவர் ஒரு சமயப் பெரியாரைக் கௌரவிக்கும்போது மூன்று காரியங்களைச் செய்யவேண்டும் என்கிறேன்.

முதலாவது, எதற்காகக் கௌரவிக்கிறோம் என்பதை வாய்திறந்து சொல்லவேண்டும். ‘தமிழ் உரைநடையை வளர்த்தமைக்காக, கல்வி நிலையம் அமைத்தமைக்காக, பஞ்சத்தில் கஞ்சி வார்த்தமைக்காக’ என்று சொன்னால் அந்த மரியாதையில் எவரும் பங்குகொள்ளலாம். ‘ஐந்தாங் குரவர்’, ‘அவதார புருஷர்’ என்று மொத்தமாக வணங்கச் சொன்னால், அவர் சொன்ன யாவற்றுக்கும் அரசு கையொப்பம் இட்டதாகிவிடும். அடியார் அப்படி வணங்கலாம்; அது அவர் பக்தி. அரசு அடியார் அல்ல.

இரண்டாவது, கௌரவம் விமரிசனத்துக்குப் பூட்டாக ஆகக் கூடாது. பாடநூலில் நாவலரின் பணிகளைப் படிக்கும் மாணவன், அவர் சாதி பற்றி எழுதியதையும் அதே பாடநூலிற் படிக்கவேண்டும். படித்தபின் அவன் நாவலரை மதிப்பானானால் அந்த மதிப்பே உறுதியானது.

மூன்றாவதுதான் முக்கியமானது. சட்டம் முந்தவேண்டும், முத்திரை பிந்தவேண்டும். வாசலை உண்மையாகவே திறந்துவைத்த அரசு, பழைய வாசற்காவலரின் நற்பணிகளை நன்றியோடு நினைக்கலாம். வாசல் மூடியிருக்கும்போது அவர் படத்துக்கு மாலை போடுவது, மூடிய கதவுக்கு மாலை போடுவதாகவே முடியும். 1957ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாண்டுகள் ஊரில் உறங்கியது. மக்கள் அடிவாங்கி அதனை எழுப்பவேண்டியிருந்தது. அந்த மக்களுக்கு எத்தனை வீதி? எத்தனை முத்திரை?

நாவலர் இதற்குச் சினப்பாரோ என்று அஞ்சவேண்டாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்தின் மகுடம். அந்தக் கோயிலின் அமைப்பும் பூசையும் ஆகமத்துக்கு ஒவ்வாதவை என்று துண்டுப்பிரசுரம் எழுதி, கோயில் அதிகாரிகளோடு பகைத்துக்கொண்டவர் அவர். ஊரே கும்பிடுகிறது என்பதற்காக ஒரு குறையையும் சொல்லாமல் விட்டவர் அல்லர். அவர் பெயரால் விழா எடுக்கும் நாம் அவர் குறையைச் சொல்ல நடுங்கினால், அவரிடம் நாம் கற்றதுதான் என்ன?

மாவிட்டபுரத்தின் கதை 1968உடன் முடியவில்லை. 1990இல் யுத்தம் வலிகாமம் வடக்கை வெறுமையாக்கியது. உள்ளே நின்று மறித்தவர்களின் பிள்ளைகளும், வெளியே நின்று கேட்டவர்களின் பிள்ளைகளும் ஒன்றாகவே பெட்டி படுக்கையோடு வெளியேறினார்கள். கோயில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. ஆகமம் அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஒரே தடை. அந்தத் துயரத்திலாவது எல்லோரும் சமமானார்களா? பல்லாண்டுகள் முகாம்களிலேயே தங்கிவிட்டவர்களிற் காணியில்லாத ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். போக இடம் இருந்தவர்கள் போனார்கள், இல்லாதவர்கள் இருந்தார்கள்.

2022 டிசெம்பரோடு நாவலர் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. இனியும் விழாக்கள் வரும், மலர்கள் வரும், ஒருவேளை புதிய முத்திரையும் வரும். மேடையில் ஏறும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் மாநகர சபை உறுப்பினர்களிடமும் ஒன்றே கேட்போம். மாலையைச் சூட்டுமுன் ஒருதடவை மண்டபத்தின் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே யார் இருக்கிறார்கள், யார் வரவில்லை என்று எண்ணிப் பாருங்கள். வராதவரின் வீட்டுக்கு ஒரு நாள் போய், அவர் ஏன் வரவில்லை என்று கேட்டு, அவர் சொல்வதை இருந்து கேளுங்கள். அதன்பின் மாலை சூட்டுங்கள், நாமும் கைதட்டுவோம்.